ஷெல் பொறுக்கப் போன சனிக்கிழமை

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் எனக்கு அது முதலாம் வருடம், 2010. ஆங்கில வகுப்பில் பொழுதுபோக்கைப் பற்றி ஒரு பந்தி எழுதும்படி சொன்ன விரிவுரையாளர், உதாரணத்துக்கு ஒரு வசனத்தைப் பலகையில் எழுதினார். 'எனக்குக் கடற்கரையில் ஷெல் சேகரிக்க விருப்பம்' என்பது அதன் கருத்து. பின்வரிசையில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். ஒருத்தி முல்லைத்தீவு, ஒருத்தி கிளிநொச்சி, ஒருத்தி வாகரை, நான் மூதூர் கிழக்கு. பலகையைப் பார்த்தோம். பிறகு ஒருவரையொருவர் பார்த்தோம். கிளிநொச்சிக்காரிதான் முதலில் வாய் திறந்தாள்.

"இவவுக்கென்ன விசரே? ஆரும் ஷெல்லை ஆசைக்குப் பொறுக்குவினமே?"

எங்களுக்குத் தெரிந்த ஷெல் கூவிக்கொண்டு வருவது. எந்தப் பக்கமிருந்து வருகிறது, எங்கே விழும் என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லக்கூடிய பிள்ளைகள் நாங்கள். அன்று பின்னேரம் நூலகத்தில் அகராதியைப் புரட்டியபோதுதான், சிப்பிக்கும் சோகிக்கும் சங்குக்கும் ஆங்கிலத்தில் அந்தச் சொல்தான் என்று விளங்கியது. அதுவும் சிப்பிக்குத்தான் முதலில் அந்தப் பெயர். உள்ளே கோறையாக இருக்கும் குண்டுக்கு அந்தப் பெயரைப் பிற்காலத்தில்தான் வைத்திருக்கிறார்கள். நூலகம் என்பதையும் மறந்து நாங்கள் சிரித்த சிரிப்பில் ஒரு அண்ணா வந்து வெளியே போகச் சொன்னார்.

சகோதரிகளே, நான் இங்கே எழுதப்போவது அகராதியில் முதலில் இருக்கும் அந்த ஷெல்லைப் பற்றி.

எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கடல். பாடசாலை விட்டு வந்தால் பை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அம்மம்மா பெயர் சொல்லித் தருவா. கவிழ்த்த முட்டை போல வழுவழுப்பாக, வயிற்றில் பல்லு வைத்ததுபோல் இருப்பது சோகி. கூரான சிறியவை ஊரி. இரண்டு ஓடும் சேர்ந்து மூடினால் மட்டி. விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய சங்கொன்றும் உண்டு. அது கிடைத்த நாளில் எங்கள் ஒழுங்கை முழுக்க எனக்குப் பின்னால் வரும். எல்லாவற்றையும் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலில் போட்டு, சுவாமித் தட்டுக்குக் கீழே வைத்திருந்தேன். "செத்த சீவன்ட வீடெல்லாம் என்னத்துக்கடி வீட்டுக்குள்ள" என்று அம்மம்மா ஏசுவா. ஆனால் போத்தலைத் துடைத்து வைப்பதும் அவதான்.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு ஒரு வருடம் நான் கடற்கரைக்குப் போகவில்லை. இலங்கையில் 30,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன கடலிடம் போய் சிப்பி கேட்க மனம் வரவில்லை. மெல்ல மெல்லத் திரும்பவும் போகத் தொடங்கிய நேரத்தில்தான் 2006 ஏப்ரல் வந்தது. ஊரை விட்டு வெளிக்கிட்டோம். எனக்கு அப்போது 17 வயது. பிறப்பத்தாட்சிப் பத்திரம், சாதாரண தரப் பெறுபேறு, இரண்டு சட்டை, அம்மாவின் மருந்து. சிப்பிப் போத்தலை ஒருதரம் கையிலெடுத்தேன். "உயிரைக் காப்பாத்த ஓடேக்க உதையா தூக்கிறாய்?" என்று அம்மா கேட்டா. வைத்துவிட்டு வந்தேன்.

ஈச்சிலம்பற்று, வெருகல், வாகரை. அந்த வருடக் கடைசியில் வாகரையில் சாப்பாட்டுக்கு இழுபறி. அம்மாவும் நானும் வாவிக்குள் இறங்கி, காலால் சேற்றைத் தடவித் தடவி மட்டி எடுப்போம். அவித்து, ஓட்டைக் கழற்றி, உப்பும் போட்டால் அன்றைய பாடு முடிந்தது. கொட்டிலுக்குப் பின்னால் மட்டி ஓடு முழங்காலளவு குவிந்து கிடந்தது. அவற்றில் ஒன்றைக்கூட நான் வடிவென்று பார்த்த ஞாபகமில்லை. பசித்த வயிற்றுக்குச் சிப்பி என்பது சதை மட்டும்தான். பிற்காலத்தில் சமூகவியல் படித்தபோது வறுமை பற்றி எத்தனையோ வரைவிலக்கணங்களை மனனம் செய்தேன். எனக்கென்னவோ அந்த ஓட்டுக் குவியல்தான் ஞாபகத்துக்கு வரும்.

பிறகு மட்டக்களப்பு முகாம், முகாமிலிருந்தே உயர்தரம், அங்கிருந்து பேராதனை. மலை, குளிர், அட்டை. கடலே இல்லாத ஊர் என்று நினைத்து வந்த எனக்கு, இரண்டாம் வருடத்தில் ஒரு சிங்கள மாணவி சாதாரணமாகச் சொன்ன ஒரு விடயம் நித்திரையைக் கெடுத்தது. அக்பர் பாலத்தில் நின்று கீழே ஓடும் மகாவலியைக் காட்டி, "இது உங்கட திருகோணமலைக்குத்தான் போகுது" என்றாள். பாடசாலைப் புத்தகத்தில் படித்ததுதான். 335 கிலோமீற்றர், நாட்டின் மிக நீண்ட ஆறு என்று பரீட்சைக்கு எழுதியதும் உண்டு. ஆனாலும் அந்தப் பாலத்தில் நிற்கும்வரை எனக்கு அது உறைக்கவில்லை. பல்கலைக்கழகத்துக்குள்ளால் வந்து, பேராதனைப் பூங்காவைச் சுற்றி வளைந்து, போல்கொல்ல, விக்ரோரியா, ரந்தெனிகல என்று அணைக்கட்டுகளில் நின்று நின்று, பாதி வயல்களுக்குப் போக, மிச்சம் மூதூருக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் கடலோடு சேர்கிறது. அதாவது எங்கள் வீட்டுக் கடலில். அப்போது எங்கள் காணிக்குள் எங்களுக்கே போக அனுமதியில்லை. தண்ணீர் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அந்த வருடம் நான் ஆற்றங்கரைக் கற்களில் ஒட்டியிருக்கும் சின்னச் சின்னக் கறுப்பு நத்தைக் கூடுகளைப் பொறுக்கத் தொடங்கினேன். வடிவு என்று சொல்ல அவற்றில் ஒன்றுமில்லை. கை சும்மா இருக்க மாட்டேனென்றது, அவ்வளவுதான்.

இறுதி வருடத்தில் கன்னொறுவையில் ஒரு சிங்கள அம்மாவின் வீட்டில் வாடகைக்கு இருந்தோம். சித்திரை வருடப்பிறப்புக்கு ஊருக்குப் போகாமல் நின்ற என்னைக் கூப்பிட்டு, தேங்காய்ச் சிரட்டையொன்றை முன்னால் வைத்தா. அதற்குள் சோகிகள்! சிரட்டையைக் குலுக்கிக் கவிழ்த்து, எத்தனை சோகி மல்லாந்து விழுகின்றது என்று எண்ணி ஆடும் விளையாட்டு. அவர்கள் அதைப் 'பஞ்ச' என்கிறார்கள். நாங்கள் தாயம் ஆடும்போது குலுக்குவதும் அதே சோகிதான். "இதுக்கு என்ன சொல்றது?" என்று கேட்டேன். "கவடி" என்றா. கவடி என்பது சோகிக்குப் பழந்தமிழிலும் உள்ள பெயர். அவவின் தாயிடமிருந்து வந்த சோகிகளாம். கடலையே அதிகம் கண்டிராத மலைநாட்டு வீட்டில் இரண்டு தலைமுறையாகக் கடல் ஒரு சிரட்டைக்குள் இருந்திருக்கிறது. அன்று மூன்று ஆட்டமும் நான்தான் தோற்றேன்.

எங்கள் காணிகள் 2016இல் திரும்பக் கிடைத்தன. போய்ப் பார்த்தபோது வீடு இருந்த இடத்தில் பற்றைதான். பக்கத்துக் காணி அக்கா, தன் வீடு எந்த இடத்தில் இருந்தது என்று தெரியாமல் இரண்டு நாள் அலைந்தா. வீடு கட்டும்போது வாசல் நிலைக்குக் கீழே சங்கு வைப்போமல்லவா? மண்ணை வெட்டிக்கொண்டு போனபோது அந்தச் சங்கு மண்வெட்டியில் தட்டுப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு, இதுதான் வாசல், இது சாமியறை, இது அடுப்படி என்று அளந்து காட்டினா. எனது போத்தல் கிடைக்கவில்லை. கண்ணாடித் துண்டும், வெயிலில் வெளுத்துச் சாயம் போன எட்டுப் பத்துச் சோகியும் மண்ணோடு கிடந்தன. சோகி உக்குவதில்லை. அவற்றை ஷொப்பிங் பைக்குள் போட்டுக்கொண்டு பேராதனைக்கு வந்தேன்.

அந்தச் சோகிகள்தான் இந்தக் கதைக்கே காரணம்.

மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை, பேராதனைச் சந்திக்குக் கிட்ட ஒரு சிறு மண்டபத்தில் பெண்கள் குழுவொன்றைச் சந்திக்கிறேன். வடக்குக் கிழக்கிலிருந்து பிழைப்புக்காகவும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் கண்டிப் பக்கம் வந்தவர்கள் பாதிப்பேர். மிச்சப்பேர் ஹந்தானை, கலஹா, தெல்தோட்டைத் தோட்டங்களில் பிறந்து, 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பயந்து பெற்றோருடன் வன்னிக்குப் போய், காடு வெட்டிக் கழனியாக்கி, 2009இல் எல்லாம் இழந்து, திரும்பவும் லயத்து உறவினர்களிடம் வந்து சேர்ந்தவர்கள். இவர்களைப் பற்றி எழுதுவதானால் தனிக் கட்டுரை வேண்டும்.

ஆரம்பத்தில் நான் படிவங்களோடுதான் போவேன். கணவர் இறந்த திகதி, காணாமல் போன பிள்ளைகளின் எண்ணிக்கை, காயத்தின் வகை. எழுதி முடிக்கும்போது அவர்களும் களைத்திருப்பார்கள், நானும் களைத்திருப்பேன். ஒருநாள் படிவம் அச்சாகி வரவில்லை. பைக்குள் கிடந்த சோகிகளையும், பிறகு அங்குமிங்கும் நான் சேர்த்த சிப்பிகளையும் ஒரு சுளகில் கொட்டிப் பாயின் நடுவில் வைத்தேன். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கைகள் வரத் தொடங்கின. ஒரு அக்கா பெரிய சங்கைக் காதில் வைத்து, "கடல் இரையுது மிஸ்!" என்றா. உண்மையில் அது கடலின் சத்தமல்ல, எங்களைச் சுற்றியிருக்கும் சத்தம்தான் சங்கின் வளைவுக்குள் போய்ச் சுழன்று அப்படிக் கேட்கிறது என்று நான் விளக்கினேன். "அப்ப நான் கேக்கிறது கண்டி பஸ்ஸையோ?" என்று அவ கேட்டவுடன் மண்டபம் சிரித்தது. எனக்கு அன்றே தெரிந்துவிட்டது, சில விளக்கங்களைச் சொல்லாமல் விடுவதுதான் நல்லது.

குழுவில் கலஹாவைச் சேர்ந்த அக்கா ஒருவருக்கு 2009இல் ஷெல் பட்டு ஒரு கண் போய்விட்டது. மறு கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரியும். அவ ஒரு சங்கை எடுத்து விரலால் நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தா. "மிஸ், இந்த எடத்துல ஒடஞ்சு, பொறகு ஒட்டியிருக்கே" என்றா. வாங்கிப் பார்த்தேன். எத்தனையோ தரம் பார்த்த சங்குதான், ஆனால் அந்தக் கோடு என் கண்ணில் பட்டதேயில்லை. உள்ளேயிருக்கும் பிராணி உயிரோடிருந்தபோது நண்டோ மீனோ ஓட்டை உடைத்திருக்கிறது. பிராணி தப்பிவிட்டது. தப்பியபின் கடல்நீரிலுள்ள சுண்ணாம்பை எடுத்துத் தன் உடம்பின் விளிம்பால் சிறிது சிறிதாகக் கக்கி, உடைந்த இடத்தை மூடி, மேலே வளர்ந்துகொண்டு போயிருக்கிறது. தழும்பு அப்படியே இருக்கிறது.

இந்தத் தழும்புகளைப் படித்தே உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானி ஒருவர் இருக்கிறார். பெயர் கீராட் வெர்மெய். 1946இல் ஒல்லாந்தில் பிறந்தவர். மூன்று வயதில் இரண்டு கண் பார்வையும் இல்லாமல் போய்விட்டது. குடும்பம் அமெரிக்காவுக்குப் போனது. அங்கே நாலாம் வகுப்பு ரீச்சர் புளோரிடாவில் பொறுக்கி வந்த சிப்பிகளை வகுப்பு யன்னல் கட்டில் அடுக்கி வைத்திருந்தார். அந்தப் பையன் அவற்றைத் தொட்டுப் பார்த்தான். அதோடு அவன் வாழ்க்கை முடிவாகிவிட்டது. கலிபோர்னியாவில் பேராசிரியராகி, விரல் நுனியால் மட்டும் சிப்பிகளை ஆராய்ந்து, கடலில் நண்டுகளின் பலம் கூடக் கூடச் சிப்பிகளின் ஓடும் எப்படித் தடித்து முள் வைத்து வந்திருக்கிறது என்று கோடிக்கணக்கான வருடக் கதையை எழுதினார். இதை நான் சொல்லி முடித்ததும் கலஹா அக்கா கேட்டது ஒரே ஒரு கேள்வி: "அந்த டீச்சருக்கு இது தெரியுமா?"

அடுத்த சனிக்கிழமை அவர்களே கேட்டார்கள். கடற்கரைக்குப் போவோமா?

இங்கேதான் எனது பிழையொன்றைச் சொல்லவேண்டும. ஒரு நாள் கடற்கரைப் பயணம் என்று எழுதினால் காசு கிடைக்காது என்று எனக்குத் தெரியும். ஆகவே திட்ட முன்மொழிவில் 'சிப்பிக் கைவினை மூலமான வருமானம் ஈட்டல்' என்று தலைப்புப் போட்டேன். போரால் பாதிக்கப்பட்ட பெண் கோழி வளர்க்கலாம், தையல் பழகலாம், மிளகாய்த்தூள் இடிக்கலாம். சும்மா ஒரு நாள் சந்தோஷமாக இருக்கப்போகிறாள் என்று எந்தப் படிவத்திலும் எழுத இடமில்லை. மாதிரிக்காக மண்டபத்தில் எல்லோரும் இருந்து படச்சட்டமொன்றில் சிப்பி ஒட்டிப் பார்த்தோம். வட்டக்கச்சித் தங்கச்சி ஒருத்தி, குழுவிலேயே வாய்க்காரி, பசையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்: "மிஸ், ஒட்டினா இது படச்சட்டம். ஒட்டாட்டி இது என்ரை." நான் முன்மொழிவைத் திருப்பி எடுத்துவிட்டேன். மாதம் 300 ரூபாயாக 24 பேர் பத்து மாதம் சீட்டுக் கட்டினார்கள். பஸ் வாடகை சேர்ந்தது.

கைவினை செய்து பிழைப்பவர்களை நான் குறைவாகச் சொல்லவில்லை. அது வேறு தேவை, இது வேறு தேவை.

கடந்த பெப்ரவரியில், வாடைக்காற்று அடங்கிவரும் நேரம் பார்த்துப் புறப்பட்டோம். எங்கள் கிழக்குக் கரையில் மார்கழி, தை மாதத்து அலைதான் அடியில் கிடப்பதையெல்லாம் கிளறிக் கரையில் போடும். கடல் வற்றும் நேரம் பார்க்கும்படி வெளிநாட்டுப் புத்தகங்களில் எழுதியிருப்பார்கள். இலங்கையில் வற்றுக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் ஒரு மீற்றர்கூட இல்லை, அதைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை. விடியப் போனால் போதும். அதிகாலை மூன்றரைக்குப் பேராதனை, பிறகு தம்புள்ளை, ஹபரணையில் தேத்தண்ணி, கந்தளாய்க் குளத்தடியில் விடிந்தது. உப்புவெளியில் இறங்கும்போது எட்டரை மணி. பஸ்ஸுக்குள் வட்டக்கச்சித் தங்கச்சி எல்லோருக்கும் அறிவித்தல் கொடுத்தாள்: "ஷெல் பொறுக்கப் போறம், எல்லாரும் தலையைக் குனியுங்கோ!" வேறு யாராவது இப்படிப் பகிடி விட்டிருந்தால் நான் கோபப்பட்டிருப்பேன்.

இறங்குமுன் சில விடயங்களை நான் கண்டிப்பாகச் சொன்னேன், வாசகிகளுக்கும் சொல்கிறேன். உள்ளே சீவன் இருக்கும் சங்கையோ சிப்பியையோ எடுக்கக் கூடாது. வெறும் ஓடு போதும். ஐஸ்கிறீம் கோன் வடிவில் புள்ளியும் கோடுமாக மிக வடிவான ஒரு வகை உண்டு. உயிரோடிருந்தால் தொடவே கூடாது. ஊசி போன்ற பல்லால் குத்தும். இந்து சமுத்திரத்தில் உள்ள ஒரு இனத்தின் விஷம் ஆளைக் கொல்லும், அதற்கு முறிவு மருந்து இல்லை. (அதே குடும்பத்து இன்னொரு இனத்தின் விஷத்தைப் பார்த்துச் செய்த கடுமையான நோவுக்கான மருந்தொன்றுக்கு 2004இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கொல்வதும் நோவைத் தீர்ப்பதும் ஒரே குடும்பம்!) நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாமலைத் தீவுக்குப் போகிறவர்கள் ஒரு சிப்பியும் எடுக்கக் கூடாது. அது 2003இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட இடம். வீட்டுக்குக் கொண்டுவந்தால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறப்போட்டு, தினம் தண்ணீர் மாற்றி, நிழலில் உலர்த்துங்கள். கடைசியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் கடலில் நனைந்திருந்தபோது இருந்த நிறம் திரும்ப வரும்.

இனி அந்தக் காலையைப் பற்றி. 24 பெண்கள், ஆளுக்கொரு சொப்பிங் பை, குனிந்த தலை. முதலில் கூட்டமாக நடந்தார்கள். கால் மணித்தியாலத்தில் ஒருவரும் ஒருவரோடும் இல்லை. கரை நெடுக ஒவ்வொருத்தியும் தனியாக. சிப்பி பொறுக்குவதில் உள்ள விசேஷம் இதுதான் என்று நினைக்கிறேன். தையலுக்கு அளவிருக்கிறது, சமையலுக்கு நேரமிருக்கிறது, கோயிலுக்கு நேர்த்திக்கடன் இருக்கிறது. இதற்கு ஒன்றுமில்லை. கண் மணலில் இருக்கும். அடுத்த அலை என்ன கொண்டுவரும் என்பதைத் தவிர வேறு யோசனை வராது. போதும் என்று நிமிரும்போதுதான் இரண்டடி தள்ளி ஒன்று மினுங்கும். கலஹா அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளங்காலால் தடவிக்கொண்டு நடந்தா. நான் வாகரையில் மட்டி தேடிய அதே நடை. பார்த்துக்கொண்டு நின்ற எனக்குத் தொண்டை அடைத்தது. அவவுக்கோ காலடியில் ஒரு முழுச் சோகி தட்டுப்பட்டுவிட்டது, கூப்பிட்டுக் காட்டினா. அங்கே இருந்தவர்களில் நான் ஒருத்திதான் அழுமூஞ்சி.

ஒரு சங்கு தானாக நடந்தது. கூக்குரல்! வெறும் சங்குக்குள் குடியிருக்கும் நண்டு அது. அதற்குச் சொந்த ஓடு கிடையாது. வளர வளர ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே இருக்கும். "ஐயோ, எங்கட இனம்! பதிவு இருக்கோ எண்டு கேளுங்கோ" என்று ஒரு குரல் வந்தது. வயிறு பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது அவ்வழியால் போன வயதான ஒருவர் நின்று பார்த்தார். "புருசன்மாரைத் திண்டதுகளுக்குக் கடற்கரையில என்ன கூத்து" என்று எங்களுக்குக் கேட்கத்தக்கதாகச் சொல்லிவிட்டுப் போனார். யார் சொல்லி அவருக்குத் தெரிந்ததோ. பொட்டில்லாத நெற்றிகளைக் கண்டிருப்பார். சிரிப்பு நின்றுவிட்டது. நான் பதில் சொல்ல வாயெடுக்க, ஒரு அக்கா என் கையைப் பிடித்தா. "விடுங்கோ மிஸ். எங்கட ஊரிலயும் இதுதான் கேட்டனாங்கள்." சற்று நேரம் எல்லோரும் மணலில் இருந்தோம்.

அப்போது நான் கையிலிருந்த சங்கைக் காட்டி ஒரு விடயம் சொன்னேன். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் சுழியோடிகள் எடுக்கும் இந்தச் சங்கு வங்காளத்துக்குப் போகிறது. மன்னார் மாந்தையில் பழங்காலத்திலேயே சங்கு அறுத்து வளையல் செய்த தடயங்கள் அகழ்வில் கிடைத்திருக்கின்றன. வங்காள இந்துப் பெண்ணுக்குத் தாலிக்குப் பதில் சங்கு வளையல்தான். கணவன் செத்தால் அதை உடைப்பார்கள். டாக்கா நகரில் சங்காரி பஜார் என்று ஒரு தெருவே இந்த வளையல்காரர்களின் தெரு. 1971 யுத்தத்தில் அந்தத் தெருவுக்குள்ளேயே இராணுவம் புகுந்து சுட்டது. எங்கள் கடலில் எடுத்த சங்கு, எங்கோ ஒருத்தியின் கையில் ஏறி, அவளும் எங்களைப் போலாகும் நாளில் உடைகிறது. "உடைக்காம வச்சிருக்கலாமே, வடிவான சாமான்" என்றாள் வட்டக்கச்சிக்காரி. அவள் பைக்குள் கையை விட்டு, அடி உடைந்து வளையம்போல் தேய்ந்துபோன ஒரு சங்குத் துண்டை எடுத்துச் சுண்டு விரலில் போட்டுப் பார்த்தாள். பொருந்தியது. எழும்பினோம். சிரிப்பு ஒரேயடியாகத் திரும்பி வரவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது.

முல்லைத்தீவு அம்மா ஒருவர் மட்டும் தண்ணீர்ப் பக்கம் வரவேயில்லை. அவவின் மகனை 2009 மே மாதத்தில் கடைசியாகக் கண்டது. அதற்குப் பிறகு ஒரு தகவலுமில்லை. தென்னைக்குக் கீழே கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தா. நான் வற்புறுத்தவில்லை. பகல் சாப்பாட்டுப் பார்சலோடு போனபோது பார்த்தேன். அவ இருந்த இடத்தைச் சுற்றி மணலில் கிடந்த நெல்லளவு சிப்பிகளைப் பொறுக்கி, வெள்ளை வேறு, றோசா வேறு, மண்ணிறம் வேறாகச் சிறு சிறு கும்பியாக வைத்திருந்தா. தான் செய்ததே தனக்குத் தெரியாததுபோல் என்னைப் பார்த்தா. "கொண்டு போவமா அம்மா?" என்று கேட்டேன். "வேண்டாம் பிள்ளை. அது கடலின்ரை சாமான்."

திரும்பும்போது பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தா. கந்தளாய் தாண்டியபிறகு மெதுவாகக் கேட்டா: "பிள்ளையைப் பறிகொடுத்தவள் இப்பிடித் திரியலாமோ?"

எனக்கு ஞாபகம் வந்தது ஆன் மோரோ லின்ட்பேர்க் என்ற அமெரிக்கப் பெண். கணவர் 1927இல் அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தனியாக விமானத்தில் கடந்தவர். அந்தப் புகழே வினையானது. 1932இல் அவர்களுடைய 20 மாதக் குழந்தையை வீட்டிலிருந்து களவெடுத்துக்கொண்டு போய்க் கொன்றுவிட்டார்கள். அந்தத் தாய் பிற்காலத்தில் புளோரிடாவில் ஒரு தீவுக்குத் தனியாகப் போய், சிப்பி பொறுக்கிக்கொண்டு யோசித்ததையெல்லாம் ஒரு புத்தகமாக எழுதினார். 1955இல் வெளிவந்து உலகம் முழுவதும் பெண்கள் வாசித்தார்கள். அவரும் திரிந்திருக்கிறார் அம்மா, என்றேன்.

அம்மா கேட்டுக்கொண்டிருந்தா. "பிள்ளையின்ரை உடம்பு கிடைச்சதோ?"

"ஓம். பத்துக் கிழமைக்குப் பிறகு."

"அப்ப அவவுக்குத் தெரியும்தானே" என்றா. "எனக்கு ஒண்டும் தெரியாது பிள்ளை."

நான் படித்த படிப்பில் அதற்குப் பதில் இல்லை. ஹபரணை வரை இருவரும் ஒன்றும் பேசவில்லை. அங்கே தேத்தண்ணிக்கு இறங்கியபோது வட்டக்கச்சித் தங்கச்சி அவவுக்குப் பக்கத்தில் இருந்து, தன் பையைச் சேலை மடியில் கொட்டி, "அம்மா, எனக்கு நிறம் பிரிக்கத் தெரியாது, பிரிச்சுத் தாங்கோ" என்றாள். பேராதனை வரும்வரை அந்த மங்கலான பஸ் வெளிச்சத்தில் அவவின் கை ஓயவில்லை.

அடுத்த சீட்டுத் தொடங்கிவிட்டது. முதல் மாதக் காசைக் கொண்டுவந்து தந்தவர்களில் அந்த அம்மாவும் ஒருவர். பஸ்காரத் தம்பிதான் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். வரும்போது எல்லோரும் கால் கழுவிவிட்டுத்தான் ஏறவேண்டுமாம். போன தடவை நாங்கள் கொண்டுவந்த மணலைக் கூட்டி அள்ளி முடிக்க அவருக்கு மூன்று நாள் சென்றதாம்.